சுரங்கத்தில் இறங்கிய சூப்பர்மேன் திரையில் ஏன் இல்லை?

மூன்றாவது இதழிலேயே சூப்பர்மேன் ஒரு சுரங்கத்துக்குள் இறங்கினான். 1938 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அக்‌ஷன் காமிக்ஸ்’ அது. சுரங்கம் இடிந்து ஒரு தொழிலாளி உள்ளே சிக்கிக்கொள்கிறார். சூப்பர்மேன் தானும் ஒரு தொழிலாளியாக வேடம் போட்டு இறங்கி அவரை மீட்டு வருகிறான். உயிர் தப்புகிறது, உடம்பு வேலைக்கு உதவாமல் போகிறது. சுரங்கம் ஆபத்தானது என்று எல்லோருக்கும் தெரியும், வாய் திறந்தால் வேலை போய்விடும் என்கிறார் அந்தத் தொழிலாளி. முதலாளியோ நடந்தது கவனக்குறைவு என்று சொல்லி, கொஞ்சம் காசு கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிறார். பிறகு ஒரு விருந்து இரவில், அந்த முதலாளி தன் பணக்கார நண்பர்களைச் சுரங்கம் பார்க்கக் கூட்டி வருகிறார். சூப்பர்மேன் பின்னால் வழியை இடித்து மூடிவிடுகிறான். அபாய மணியை இழுத்தால் அது துருப்பிடித்துக் கிடக்கிறது. பட்டுடை உடுத்தவர்கள் மண்வெட்டி பிடித்துத் தோண்டிக் களைத்து விழுகிறார்கள். மேலே வந்ததும், இனி என் சுரங்கம்தான் நாட்டிலேயே பாதுகாப்பானது என்று வாக்குக் கொடுக்கிறார் முதலாளி. பிரட்டுக் களத்தில் நின்று, மலையில் நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, நிறை குறைந்ததற்காக அரைப்பேர் வாங்கி வீடு திரும்பும் குடும்பங்களில் ஒருவர் இலங்கை மலையகத்தின் அட்டனிலோ நுவரெலியாவிலோ இந்தக் கதையை வாசித்தால், அவருக்கு யாரும் விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதிய ஜெரி சீகலும் வரைந்த ஜோ ஷுஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். பெரும் பொருளாதார மந்த காலத்தில் கிளீவ்லண்ட் நகரில் இளைஞர்களாக இருந்தவர்கள். தங்கள் நாயகனின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவனை வைத்து மற்றவர்கள் செல்வம் சேர்ப்பதைப் பல ஆண்டுகள் வெளியில் நின்று பார்த்தார்கள். முதல் பெரிய சூப்பர்மேன் படத்துக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்த 1975இல்தான் நிறுவனம் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியம் தரவும், படைத்தவர்கள் என்று பெயர் போடவும் இணங்கியது. சீகலுக்குத் தமிழ் வாசகரோடு ஓர் உறவும் உண்டு. 1960களில் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் அவர் கைவண்ணத்தில் வளர்ந்த ஸ்பைடர்தான், பிறகு சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசினான். 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் என்று தமிழ்நாட்டில் வந்த சித்திரக்கதைகள் இலங்கைக்கும் வந்தன. 70களின் இறக்குமதிக் கட்டுப்பாடு இந்திய இதழ்களைப் பெருமளவு நிறுத்தி வைத்தது. அது தளர்ந்த பின் அவை கொழும்பு வழியாக மலையகத்துக்கும் ஏறின. இன்று லயத்துக் கூரைகளில் டிஷ் அன்டெனா நிற்கிறது, கையில் தொலைபேசி இருக்கிறது, ஹொலிவூட் நாயகர்கள் தமிழ்க் குரலில் நேரே வீட்டுக்குள் வருகிறார்கள். நாயகர்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுரங்கத் தொழிலாளி அவர்களோடு வரவில்லை. சூப்பர்ஹீரோ படங்கள் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான். காப்பாற்றுகிறவனைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள், காப்பாற்றப்படுகிறவரின் முகத்தைக் காகிதத்திலேயே விட்டுவிட்டார்கள்.

2013இல் வந்த ஸாக் ஸ்னைடரின் ‘மேன் ஒஃப் ஸ்டீல்’ படத்தின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்மேனும் வில்லன் சொட்டும் ஒருவரையொருவர் தூக்கி வீச வீச, மெட்ரோபொலிஸ் நகரின் மாடிக் கட்டடங்கள் வரிசையாகச் சரிகின்றன. அந்தக் கட்டடங்களுக்குள் யார் இருந்தார்கள்? ஒரு பத்திரிகை அலுவலகத்தின் சில பேரைத் தவிர யாரையும் படம் நமக்குக் காட்டுவதில்லை. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லாத காட்சி அது. ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லய வரிசைகள் மண்ணுக்குள் போனதை அறிந்த மக்கள், இடிபாட்டை வெறும் ஒலியும் தூசியுமாகப் பார்க்க முடியாது. மண்சரிவு அபாயம் உண்டு என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. இடிபாடு என்றால் அதற்குள் ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்தக் குறையை ஹொலிவூட்டும் உணர்ந்ததுதான். 2016இல் ‘கெப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில், நாயகர்களின் சண்டையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் டோனி ஸ்டார்க்கின் முன்னால் வந்து நின்று கேள்வி கேட்கிறார். மிக நல்ல காட்சி. ஆனால் அந்தத் தாய் அதோடு படத்திலிருந்து போய்விடுகிறார். அவருடைய துக்கம், நாயகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதுவதற்கு ஒரு காரணமாக மட்டும் மிஞ்சுகிறது.

இதைவிடக் கவலை தருவது ஒன்றுண்டு. 1938இல் சூப்பர்மேன் எடுத்த பக்கத்தை இன்றைய படங்களில் எடுக்கிறவர் யார் என்று பாருங்கள். 2012இல் ‘த டார்க் நைட் ரைசஸ்’ படத்தில் நகரத்தைச் செல்வந்தரிடமிருந்து பறித்து மக்களிடம் தருவதாகப் பேசுகிறவன் பேன். 2017இல் ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ படத்தில், இடிபாடுகளை அகற்றும் ஒப்பந்தத்தைப் பெரிய இடத்து ஆட்கள் பறித்துக்கொண்டதால் தன் வேலையாட்களோடு நடுத்தெருவில் நின்றவன் டூம்ஸ். 2018இல் ‘பிளாக் பாந்தர்’ படத்தில், உலகெங்கும் ஒடுக்கப்பட்ட நம் மக்களுக்காக வக்காண்டா என்ன செய்தது என்று கேட்கிறவன் கில்மொங்கர். மூவருமே வில்லன்கள். அவர்கள் வாயில் நியாயமான கேள்வியை வைத்துவிட்டு, கையில் குண்டையோ ஆயுதத்தையோ கொடுத்துவிடுகிறார்கள். பிறகு நாயகன் வந்து அந்தக் கேள்வியையும் சேர்த்துத் தோற்கடிக்கிறான். ‘பிளாக் பாந்தர்’ மட்டும் தோற்றவனின் கேள்வியை மதித்து, முடிவில் ஒக்லண்ட் நகரத்து ஏழைப் பிள்ளைகளிடம் நாயகனைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தப் படம் மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மொத்தப் போக்கு வேறு திசையில் இருக்கிறது. உழைப்பவரின் கோபம் என்றாலே அது வில்லனாகும் வழி என்று திரும்பத் திரும்பப் பார்த்து வளரும் பிள்ளை, தன் தாய் சம்பளத்துக்காகத் தெருவில் உட்காருவதை எந்தக் கண்ணால் பார்க்கும்?

இதற்கு ஒரு மறுப்பு வரும், நேர்மையான மறுப்பு. சித்திரக்கதையே மாறிவிட்டதே, படத்தை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பார்கள். உண்மைதான். சில ஆண்டுகளிலேயே சூப்பர்மேன் சுரங்க முதலாளிகளை விட்டுவிட்டான். உலகப் போர்க் காலத்தில் தேசபக்திச் சின்னமானான். 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட காமிக்ஸ் ஒழுங்குவிதிகள், பொலிஸாரையும் நீதிபதிகளையும் அரச அதிகாரிகளையும் மதிப்புக் குறையும்படி காட்டக் கூடாது என்றே சொல்லின. வேற்றுக்கிரகங்களும் பேரண்டங்களும் காகிதத்தில் தொடங்கியவைதான். ஆனால் படம் எடுக்கிறவருக்கு முன்னால் இன்று 80 ஆண்டுக்கு மேற்பட்ட கதைகள் குவிந்திருக்கின்றன. சேரியை இடித்துப் புது வீடு கட்ட வைத்த 1939 சூப்பர்மேனும் அதற்குள் இருக்கிறான், பிரபஞ்சத்தின் பாதி உயிர்களை அழிக்கும் தானோஸும் இருக்கிறான். எதை எடுக்கிறோம் என்பது தெரிவு. இருப்பதில் பெரியதையே எடுத்துக்கொண்டு, மூலத்தில் அப்படித்தான் இருந்தது என்று சொல்வது பதிலாகாது.

வாசகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை வேறு. உடை மாறிவிட்டது, கதையின் தொடக்கத்தை மாற்றிவிட்டார்கள், நாயகியின் தலைமுடி அந்த நிறம் அல்ல என்பார்கள். இந்தக் குறைகளில் எனக்கு உடன்பாடில்லை. 1989இல் டிம் பர்ட்டன் பேட்மேனின் சாம்பல் உடையை முழுக் கறுப்பாக்கினார். 2000இல் ‘எக்ஸ்-மென்’ பாத்திரங்கள் மஞ்சளையும் நீலத்தையும் விட்டுக் கறுப்புத் தோலுக்கு மாறினார்கள். இரண்டும் கெட்டுப்போகவில்லை. இந்த விடயத்தில் மலையகம் யாருக்கும் பாடம் சொல்லும் தகுதி உடையது. பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டு உடுக்கடிப் பாடல். அது கப்பலேறி, தேயிலைத் தோட்டத்தில் கூத்தானது. அங்கே தமிழ்நாட்டில் கலைஞர் மு. கருணாநிதியின் கையில் நாவலாகி, 2011இல் தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடமிட்ட பெரும் செலவுப் படமுமானது. தோட்டத்துக் கூத்தில் அந்தப் படத்தின் அரண்மனையும் இல்லை, படையும் இல்லை. காகிதக் கிரீடம், பளபளக்கும் சரிகை, பகலில் மலையில் வேலை செய்து களைத்த உடம்பு, தப்போசை. ஆனால் அண்ணன்மார் விழுந்த படுகளத்தில் தங்கை அழும்போது சுற்றி நிற்பவர்கள் அழுகிறார்கள். மாசி மாதக் காமன் கூத்தில் சிவன் எரித்த காமனுக்காக ரதி ஒப்பாரி வைத்தால் லயத்துப் பெண்கள் அவளோடு சேர்ந்து இழவு கொண்டாடுகிறார்கள். அருச்சுனன் தபசில் உயரமான மரத்தில் ஏறிப் பாடுகிறவர் யாருடைய மகன் என்று கீழே நிற்கும் அனைவருக்கும் தெரியும். வேடம் மாறியது, மொழி வழக்கு மாறியது, இடமே கடல் கடந்து மாறியது. கதை யாருக்காக நடக்கிறதோ அவர்கள் மட்டும் களத்தை விட்டுப் போகவில்லை. ஒரு கதையை இன்னொரு வடிவத்துக்குக் கொண்டுபோவதன் வெற்றி தோல்விக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவு இதுவே.

அந்த அளவை நமக்கு மிகப் பிரியமான ஒருவர் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். லீ ஃபோக் 1936 பெப்ரவரியில் படைத்த வேதாளர், ராணி காமிக்ஸின் மாயாவி. தமிழ் வாசகர்களின் இரண்டு தலைமுறை அவரை நேசித்தது. சிவப்பு, நீலம், ஊதா என்று நாட்டுக்கு நாடு அவர் உடையின் நிறம் மாறியும் யாரும் அவரைக் கைவிடவில்லை. 1996இல் சைமன் வின்சர் எடுத்த ‘த ஃபாண்டம்’ படம் உடையில் மூலத்துக்கு மிக விசுவாசமானது. பில்லி ஸேன் செயற்கைத் தசை வைத்த உடையை மறுத்து, உடற்பயிற்சியால் உடம்பைத் தயார்படுத்தி அந்த ஊதா உடையை அணிந்தார். மண்டையோட்டு மோதிரம், குதிரை, ஓநாய், குகை எல்லாம் இருந்தன. படம் தோற்றது. காலம் பொருந்தவில்லை என்றார்கள், உடை சிரிப்பு மூட்டியது என்றார்கள். என் பார்வை வேறு. வேதாளர் கதையின் அடித்தளம் என்ன? காட்டுக்குள் 400 ஆண்டுகளாக ஒரே வெள்ளைக் குடும்பம். தந்தைக்குப் பின் மகன் அதே இருக்கையில் அமர்கிறான். அவன் சாவில்லாதவன் என்று மக்கள் நம்புகிறார்கள். அவன் நல்லவன், நீதி சொல்கிறவன், ஆனால் சொல்கிறவன் எப்போதும் அவனே. தோட்டத்துக்காரருக்கு இது தெரியாத ஏற்பாடா? துரை மாறுவார், பங்களா மாறாது. நல்ல துரையும் துரைதான். லீ ஃபோக்குக்கே பிற்காலத்தில் இது உறுத்தியிருக்க வேண்டும். வைத்தியராக இருந்து மக்கள் வாக்கால் கதை நடக்கும் நாட்டின் ஜனாதிபதியாகும் லுவாகா என்ற கறுப்பினத் தலைவரைக் கதைக்குள் கொண்டுவந்தார். வேதாளர் அவருடைய நண்பர். கதை மெல்லத் தன்னைத் திருத்திக்கொண்ட இடம் அது. படமோ 1930களுக்குத் திரும்பிப் போய், காட்டு மக்களைப் பின்னணியாக்கி, நியூயோர்க் செல்வந்தன் ஒருவனோடு மூன்று மண்டையோடுகளுக்காக ஓடியது. மூலத்தில் பழசாகிப்போனதைக் கவனமாகக் காப்பாற்றி, வளர்ந்ததை விட்டுவிட்ட விசுவாசம்.

பெரிய திரைக்குப் பெரிய காட்சி வேண்டும், இத்தனை கோடி டொலர் போட்டுவிட்டு ஒரு தொழிலாளியின் கதை சொல்ல முடியுமா என்பது அடுத்த மறுப்பு. பெரிய காட்சியை நான் எதிர்க்கவில்லை. 2004இல் சாம் ரைமியின் ‘ஸ்பைடர்மேன் 2’ அந்தக் காலத்தின் பெரும் செலவுப் படங்களில் ஒன்று. ஓடும் ரயிலைத் தன் உடம்பால் நிறுத்தி மயங்கிச் சாய்கிறான் பீட்டர். பயணிகள் கைகளில் ஏந்தி, தலைக்கு மேலாக அவனை உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகமூடி இல்லை. பார்த்தால் தங்கள் மகன் வயதுப் பையன். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். வில்லன் உள்ளே வந்ததும் சாதாரண மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நடுவில் வந்து நிற்கிறார்கள். காப்பாற்றப்பட்டவர்கள் காப்பாற்றுகிறவர்களாகும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஈடாக, பின்னால் வந்த மாபெரும் படங்களில் மிகக் குறைவாகவே காண்கிறேன். 2008இல் ‘த டார்க் நைட்’ படத்தில் இரண்டு படகுகள். ஒன்றில் நகர மக்கள், மற்றதில் சிறைக் கைதிகள். அடுத்த படகை வெடிக்க வைத்துத் தப்பிக்கும் கருவி இரு படகிலும் இருக்கிறது. அந்த இரவில் ஜோக்கரைப் பொய்யாக்கியவர்களில் ஒருவர் கைதி உடை அணிந்த மனிதர். கருவியை வாங்கித் தண்ணீரில் எறிகிறார். பேட்மேன் அங்கே இல்லை. 1978இல் ரிச்சர்ட் டொனரின் சூப்பர்மேனோ, பறந்து போகிற வழியில் இறங்கி ஒரு சிறுமியின் பூனையை மரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். 2025இல் ஜேம்ஸ் கன் தன் சூப்பர்மேனை ஒரு அணிலுக்காகவும் சண்டைக்கு நடுவே நிற்க வைத்ததில் அந்தப் பழைய குணம் மீண்டும் தெரிந்தது. பணம் இந்தக் காட்சிகளுக்குத் தடையாக இருந்ததில்லை. சித்திரக்கதையில் ஒரு கட்டத்தில் ஒரு முகம் வந்தால், கண் விரும்பும் வரை அங்கே தங்கலாம். படத்தில் அந்தத் தங்கலை இயக்குநர்தான் தர வேண்டும்.

நம் பக்கத்து மொழிகளில் இது இன்னும் தெளிவாக நடந்திருக்கிறது. 2021இல் பேசில் ஜோசப் எடுத்த மலையாளப் படம் ‘மின்னல் முரளி’. எந்தச் சித்திரக்கதையிலிருந்தும் எடுத்ததல்ல, ஆனால் சித்திரக்கதையை உள்ளபடி புரிந்துகொண்டவர் எடுத்தது. ஒரு மலைக் கிராமத்துத் தையல்காரனையும் தேநீர்க் கடையில் வேலை செய்யும் ஷிபுவையும் ஒரே இரவில் மின்னல் தாக்குகிறது. ஊர் ஷிபுவை ஒதுக்கிய விதத்தைப் படம் பொறுமையாகச் சொல்வதால், அவன் கெட்டுப்போகும்போது நமக்கு வெறுப்புக்குப் பதில் வலி வருகிறது. டூம்ஸுக்குக் கிடைக்காத நியாயம் ஷிபுவுக்குக் கிடைத்தது. 2023இல் மடோன் அஸ்வினின் ‘மாவீரன்’ இன்னும் ஒரு படி மேலே போனது. பத்திரிகையில் மாவீரன் படக்கதை வரையும் பயந்த சுபாவக்காரன் சத்யா. சேரியிலிருந்து அவன் குடும்பத்தையும் அயலாரையும் கொண்டுபோய் விட்ட அடுக்குமாடியில் கை வைத்தால் சுவர் உதிர்கிறது. அவன் வரைந்த நாயகனின் குரலே அவனுக்குக் கேட்கத் தொடங்குகிறது. அந்தப் படத்தில் கட்டடம் ஆபத்துக்குள்ளாகும்போது உள்ளே யார் யார் என்று நமக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லய அறைகளில் இன்னும் குடும்பங்கள் வாழும் மலையகத்தில், ஒரு வீடு இடிந்துவிடுமோ என்ற பயத்தை மையமாக வைத்த நாயகன் கதைக்கு வேறு அறிமுகம் தேவையில்லை. படம் முழுக்கக் குறையற்றதல்ல. பிற்பாதியில் வழமையான சண்டைகளுக்குக் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுக்கிறது. ஆனாலும் 1938 சுரங்கக் கதைக்கு அண்மைய தமிழ்த் திரையில் நெருங்கிய உறவு என்று கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இடதுசாரி நண்பர்களிடமிருந்து வரும். வானத்திலிருந்து ஒருவன் வந்து காப்பாற்றுவான் என்ற எண்ணமே உழைக்கும் மக்களுக்குக் கேடு. தோட்டத் தொழிலாளி பெற்றதையெல்லாம் கூடி நின்றுதான் பெற்றார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த கோவிந்தனுக்கு எந்த மாயச் சக்தியும் இருக்கவில்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021இல் நிர்ணயிக்கப்பட்டதும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகுதான். இந்த மறுப்பின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். நான் புகழ்ந்த சுரங்கக் கதையிலும் அந்தக் குறை உண்டு. தொழிலாளர் சேர்ந்து எதையும் செய்வதில்லை. முதலாளியின் மனம் மாறுவதோடு கதை முடிகிறது. மனம் மாறிய முதலாளியின் வாக்கை நம்பி எத்தனை நாள் இருக்க முடியும் என்பது மலையகத்துக்குத் தெரியும். ஆனால் இதனால் அந்தக் கதை வகையையே தள்ளிவிட வேண்டும் என்பதை ஏற்கமாட்டேன். கூத்தில் வீரர்களைப் பாடிக்கொண்டே சங்கம் அமைத்தவர்கள் மலையகத்தார். வீரக்கதை அவர்களைச் சோம்பேறிகளாக்கவில்லை. கற்பனை வீரன் தீங்கு செய்வது, மக்கள் கையாலாகாதவர்களாக ஓடி ஒளியும் கதைகளில். ரயில் பயணிகள் எழுந்து நிற்கும் கதையில் அவன் துணையாகத்தான் இருக்கிறான். இந்த மறுப்பு சூப்பர்ஹீரோவைக் கைவிடச் சொல்வதாக எனக்குப் படவில்லை. படங்களிடம் நான் கேட்பதை இன்னும் கடுமையாகக் கேட்கச் சொல்கிறது.

இலங்கையில் இது வெறும் பார்வையாளர் பேச்சாக இருக்க வேண்டியதில்லை. கமிலஸ் பெரேராவின் சிங்களச் சித்திரப் பாத்திரம் கஜமன் 2023இல் முப்பரிமாண அனிமேஷன் படமாகத் திரையரங்குக்கு வந்தது. நம் நாட்டுக் காகிதப் பாத்திரம் நம் நாட்டுத் திரைக்குப் போக முடியும் என்பதற்கு அது சான்று. தமிழ்ப் பக்கம் பார்த்தால், முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி அரை நூற்றாண்டு கடந்தும் இன்னும் திரைக்கு வரவில்லை. திரையுலகில் அவ்வப்போது பேச்சு மட்டும் எழுகிறது. வருகிற நாளில் எடுக்கிறவர் மின்சாரத்தில் மறையும் உடலையும் தனியே மிதக்கும் இரும்புக் கையையும் எவ்வளவு அழகாகக் காட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1962இல் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ தூரிகையால் செய்ததைக் கணினி செய்துவிடும். ஆனால் லூயிஸ் கிராண்டேல் முதலில் ஓர் ஆய்வுகூட உதவியாளன், வேலைக் களத்து விபத்துகளில் கையையும் பிறகு நிம்மதியையும் இழந்தவன், கொஞ்ச காலம் உலகத்தின் மீதே கோபம் கொண்டு வழிதவறியவன். ஆலையிலோ வயலிலோ மலையிலோ கையை இழந்து, சிறு தொகையோடு அனுப்பப்பட்ட ஒரு தொழிலாளியின் கோபம் அந்தப் பாத்திரத்துக்குள் இருக்கிறது. அவனை உளவாளியாக்கி நாடு நாடாகப் பறக்க விடுவதற்கு முன்னால், அந்த விபத்து நடந்த அறையில் அரை மணி நேரமாவது கமெரா நிற்கட்டும்.